பொதுவீட்டில் எங்கள் பக்கம் எது?

போன செப்டம்பரில் எங்கள் பங்கில் 'படைப்பின் காலம்' கொண்டாடினார்கள். கல்லறைத் தோட்டத்தில் வேப்பங்கன்று நடுவிழா. குழி வெட்ட எங்க தெரு ஆட்களைத்தான் கூப்பிட்டார்கள். வெட்டினோம். கன்றைப் பிடித்துக்கொண்டு படத்துக்கு நின்றவர்கள் ஊர்த்தெரு பங்குப்பேரவைக்காரர்கள். தண்ணி ஊத்துற வேலை திரும்ப நமக்கே வந்தது.

எங்கப்பா ஆயுசு முழுக்க அந்தத் தோட்டத்தில் குழி வெட்டியவர். செத்தது எந்தச் சாதியானாலும் குழி அவர் வெட்டியதுதான். அவரைப் புதைத்தது மட்டும் சுவருக்கு இந்தப் பக்கம்.

ஆமாம், நடுவில் சுவர் இருக்கிறது. இடுப்பு உயரம்தான். ஆடு தாண்டிவிடும், பிணம் தாண்டக்கூடாது.

கன்றெல்லாம் அந்தப் பக்கமே வைத்தார்கள். ஏன் சாமி என்று கேட்டேன். "இந்தப் பக்கம் இடம் பத்தாதேப்பா" என்றார். நெசந்தான், பத்தாது. அப்பா குழியைத் தோண்டித்தான் சித்தப்பாவை வைத்தோம்.

2015இல் போப் பிரான்சிஸ் எழுதிய சுற்றுமடல் பூமியைப் பொதுவீடு என்கிறது. பூமியின் கூக்குரலையும் ஏழைகளின் கூக்குரலையும் சேர்த்தே கேட்கச் சொல்கிறது. நம் பங்குகளில் பாதியை மட்டும் படிக்கிறார்கள். மரத்தின் கூக்குரல் கேட்கிறது, சேரியின் கூக்குரல் கேட்கவில்லை.

"சுற்றுச்சூழல்ல ஏன் சாதியைக் கலக்குறீங்க" என்று படித்த கிறித்தவ நண்பர்களே கேட்கிறார்கள். கலந்தது யார்? திருச்சி மேலப்புதூர் கல்லறைச் சுவரை நாங்களா கட்டினோம்? இறையூரில் தனிப்பங்கு கேட்டதற்காக 2008 மார்ச்சில் தலித் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போனது. திருச்சபைக்குள் தீண்டாமை உண்டு என்று இந்திய ஆயர் பேரவையே 2016இல் ஆவணம் போட்டு ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டதோடு சரி. பாவசங்கீர்த்தனம் செய்தால் பரிகாரமும் செய்யணும் என்று எங்களுக்கு ஞானோபதேசத்தில் சொல்லிக் கொடுத்தவர்கள்தான் இவர்கள்.

மண்ணை நேசிக்க எங்களுக்குப் பாடம் நடத்துவதுதான் வேடிக்கை. சேற்றிலேயே கிடந்தும் காணி நிலம் இல்லாத சனம். 1892இல் வெள்ளைக்காரன் ஒதுக்கிய பஞ்சமி நிலத்திலும் பெரும்பகுதி யார் யாரோ கைக்குப் போனது. ஊர்க் கழிவை அள்ளி ஊரைச் சுத்தமாக வைத்ததும் நாங்கள்தான். அதற்குப் பெயர் படைப்பைப் பேணுதல் இல்லையாம், குலத்தொழிலாம். இந்த இழிவிலிருந்து தப்பத்தானே எங்க தாத்தா ஞானஸ்நானம் வாங்கினார்? 1950 ஜனாதிபதி ஆணைப்படி அரசாங்கம் எங்களை, நீ கிறித்தவன், பட்டியல் சாதி இல்லை என்கிறது. கல்லறைத் தோட்டமோ நீ பறையன்தான் என்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் சாமியார் ஒரு வேப்பங்கன்றை நீட்டுகிறார்.

மரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. வெயிலில் கிடக்கிறவன் நிழலை வேண்டாம் என்பானா? சுவரை வைத்துக்கொண்டு நடுகிற மரம் யாருக்கு என்பதுதான் கேள்வி. வேர் சுவருக்கு அடியில் இந்தப் பக்கமும் வரும், அதற்குச் சாதி தெரியாது. அதுவரை காத்திருக்க எங்களால் ஆகாது.

இந்த வருசமும் குழி வெட்ட ஆள் கேட்டு உபதேசியார் வந்தார். "நாலு பேரு மம்பட்டியோட வாங்க தம்பி" என்றார். கடப்பாரையும் கொண்டுவர்றோம், முதல்ல சுவரை எடுத்துட்டு அப்புறம் குழி வெட்டுவோம் என்றேன். சாமியார்ட்ட கேட்டுச் சொல்றேன் என்று போனவர்தான், இன்னும் வரவில்லை.