உங்கள் போனுக்குப் புதிய பூட்டு: 'எண் களம்' நம்மைக் காப்பாற்றுமா?

ஐமெசேஜ், சிக்னல், குரோம்... இதில் ஒன்றாவது உங்கள் போனிலோ லேப்டாப்பிலோ இருக்கும். 2023-24-இல் இந்த மூன்றுமே தகவல்களுக்குப் புதிய பூட்டு ஒன்றைச் சேர்த்தன. அப்டேட் வந்தது, நாமும் போட்டோம், அவ்வளவுதான். ஆனால், இயற்கணித எண் கோட்பாட்டில் இன்னும் முழுசாக விடை தெரியாத ஒரு கேள்வியை நம்பித்தான் அந்தப் பூட்டு இருக்கிறது.

பழைய பூட்டுக்கு என்ன ஆச்சு?

இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது சுலபம். பெருக்கி வந்த விடையை மட்டும் கொடுத்து, அந்த இரண்டையும் கண்டுபிடிக்கச் சொன்னால் கணினியே திணறும். 1977-இல் உருவான ஆர்எஸ்ஏ பூட்டின் ரகசியம் இதுதான். ஆனால், போதிய திறனுள்ள குவாண்டம் கணினி வந்தால் இது சுலபமாகிவிடும் என்று 1994-இல் பீட்டர் ஷோர் காட்டினார்.

அப்படியொரு கணினி இன்னும் வரவில்லையே, என்ன அவசரம்? இன்று நீங்கள் அனுப்புவதைத் திருடிச் சேமித்து வைத்துக்கொண்டு, கணினி வந்த பிறகு திறக்கலாம். மருத்துவ ரிப்போர்ட்டும் அரசு ரகசியமும் 20 வருடம் கழித்தும் ரகசியமாகவே இருக்க வேண்டியவை.

புதிய பூட்டு எப்படி வேலை செய்கிறது?

நமக்குத் தெரிந்த எண்களோடு √2-ஐச் சேர்த்தால் 3+5√2 போன்ற எண்கள் கிடைக்கும். இப்படி விரிவாக்கிய எண் உலகம்தான் 'எண் களம்'. 3+5√2-ஐக் குறிக்க 3, 5 என்ற இரண்டு எண்கள் போதும். எனவே, அதைக் கோலப் புள்ளிபோலத் தாளில் வைத்துவிடலாம்.

அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட், 2024 ஆகஸ்ட் 13 அன்று எம்எல்-கெம் என்ற பூட்டைத் தரமாக அறிவித்தது. இதன் பழைய பெயர் கைபர். வட்டத்தை 512 சம துண்டுகளாக வெட்டும் புள்ளிகளிலிருந்து பிறக்கும் எண் களம் இதில் இருக்கிறது. 1840-களில் எர்ன்ஸ்ட் கும்மர் ஆராய்ந்த அதே குடும்பம். இங்கே ஓர் எண்ணைக் குறிக்கவே 256 எண்கள் வேண்டும். நூற்றுக்கணக்கான பரிமாணங்களில் ஒரு புள்ளிக் கோலம். அதில் ஒரு புள்ளியை லேசாக நகர்த்திவிட்டு, 'எந்தப் புள்ளி நகர்ந்தது?' என்று கேட்டால் குவாண்டம் கணினியும் திணறும் என்பதே நம்பிக்கை.

இந்தக் களம் ஏன்? இதன் சமச்சீர்தான் காரணம். கணக்கு வேகமாக முடியும், சாவியும் சின்னது. எம்எல்-கெம் நடுத்தர ரகத்தின் பொதுச் சாவி 1,184 பைட்கள். இந்த அமைப்பைப் பயன்படுத்தாத ஃப்ரோடோகெம் முறையில், அதே அளவு பாதுகாப்புக்கு 15,632 பைட்கள் வேண்டும்.

அப்புறம் என்ன சிக்கல்?

அந்தச் சமச்சீரே திருடனுக்கும் வழிகாட்டுமோ என்பதுதான். பிரிட்டன் உளவு அமைப்பான ஜிசிஹெச்கியூவின் ஆய்வாளர்கள், இதே வகைக் களத்தில் 'சொலிலக்வி' என்ற பூட்டை உருவாக்கினார்கள். குவாண்டம் கணினியால் அதை உடைக்க முடியும் என்று தெரிந்ததும் கைவிட்டதாக 2014-இல் அவர்களே எழுதினார்கள். அந்த வழி கைபரிடம் பலிக்கவில்லை. கைபரின் கணக்கு இன்னும் சிக்கலானது.

2024 ஏப்ரலில் இன்னொரு பதற்றம். புள்ளிக் கோலக் கணக்குகளையே குவாண்டம் கணினியால் வேகமாகத் தீர்க்கலாம் என்று சீன ஆய்வாளர் யிலேய் சென் கட்டுரை வெளியிட்டார். அது சரியாக இருந்திருந்தாலும் கைபர் உடனே உடைந்திருக்காது. ஆனால் அஸ்திவாரம் ஆடியிருக்கும். 8 நாளில் அதில் ஒரு தவறு கண்டுபிடிக்கப்பட, உலகம் மூச்சுவிட்டது.

அப்போ இதை நம்பலாமா?

இப்போதைக்கு நம்பலாம். 'உடைக்கவே முடியாது' என்ற நிரூபணம் ஆர்எஸ்ஏவுக்கும் கிடையாது. அதனால்தான் சிக்னலும் குரோமும் பழைய பூட்டைக் கழற்றாமல், புதியதையும் சேர்த்தே போட்டிருக்கின்றன. எண் களமே இல்லாத ஹெச்கியூசி என்ற முறையையும் 2025 மார்ச்சில் நிஸ்ட் மாற்று ஏற்பாடாகத் தேர்ந்தெடுத்தது.

நாம் செய்ய வேண்டியது, அப்டேட்டைத் தள்ளிப்போடாமல் இருப்பது. 'குவாண்டம் கணினி வந்தாச்சு' என்ற தலைப்புகளை மட்டும் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். இந்தப் பூட்டை உடைக்கும் செய்தி, ஒரு கணிதக் கட்டுரையாகவும் வரலாம்.