மகள் எழுதி வைத்த நோட்டு

அரையாண்டு லீவுக்கு என் பெண் ஹாஸ்டலிலிருந்து வந்திருந்தாள். கீழே ஓர் ஊரில் பத்தாவது படிக்கிறாள். எங்கள் ஜமுனாமரத்தூர் மார்கழிக் குளிரைக் கேட்கவே வேண்டாம். அவள் துணிகளை வெந்நீரில் ஊறப் போடலாமென்று டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அடியில் ஒரு நோட்டு. அட்டையில் பாடத்தின் பெயர் இல்லை. தாய் மனசு சும்மா இருக்குமா? பிரித்து விட்டேன்.

ஒவ்வொரு பக்கத்திலும் மேலே ஏதோ ஒரு கதைப் புத்தகத்தின் வரி. கீழே அதைப் படித்ததும் அவள் மனசில் பட்டது. 'பரீட்சைக்குப் படிக்கச் சொன்னால் ராஜகுமாரன் கதை எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே!' என்று முதலில் கோபம்தான் வந்தது. நானும் சின்ன வயதில் அம்புலிமாமாவும் வாண்டுமாமா கதைகளும் பைத்தியமாகப் படித்தவள்தான். அம்மாவான பிறகு அதெல்லாம் மறந்து போகிறது, பாருங்கள்!

ஒரு பக்கத்தில் சி.எஸ். லூயிஸ் எழுதி 1950இல் வந்த நார்னியா கதை. யுத்தத்தில் லண்டனில் குண்டு விழுகிறதென்று நாலு குழந்தைகளை வெளியூருக்கு அனுப்பி விடுகிறார்கள். அங்கே துணி அலமாரிக்குள் நுழைந்த சிறுமி பனி பெய்யும் வேறு உலகத்துக்குப் போய் விடுகிறாள். என் பெண் எழுதியிருந்தாள்: 'என் டிரங்குப் பெட்டியும் அப்படித்தான். திறந்தால் எங்கள் வீட்டு வாசனை. ராத்திரி எல்லோரும் தூங்கின பிறகு ஒருதரம் திறந்து பார்ப்பேன்.' எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அடுத்து 'குட்டி இளவரசன்'. பிரெஞ்சு விமானி அந்த்வான் து செந்த்-எக்சுபெரி எழுதி 1943இல் வந்த புத்தகம். வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் தமிழாக்கி 1981இல் க்ரியா வெளியிட்டது. ஒரு வீடு அளவே உள்ள கிரகத்தில் தனியாக இருக்கிறான் இளவரசன். பெருக்க மரத்துச் செடி வளர்ந்தால் அவன் கிரகத்தையே பிளந்து விடும். அதனால் தினமும் முளைகளைத் தேடிப் பிடுங்கிப் போடுவான். அதற்குக் கீழே இவள்: 'அம்மா சாமைக் கொல்லையில் களை எடுப்பது மாதிரி, கேலி செய்கிறவர்கள் மேல் வரும் கோபத்தை அன்றன்றைக்கே பிடுங்கி விட வேண்டும். ஆனால் வேர் போக மாட்டேன் என்கிறது.'

கேலியா? யார் செய்கிறார்கள்? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே!

பதில் அடுத்த பக்கத்தில் இருந்தது. அந்தக் குட்டிக் கிரகத்தை 1909இல் கண்டுபிடித்தவர் ஒரு துருக்கி வானியலாளர் என்று கதையில் வருகிறது. அவர் தம் நாட்டு உடையில் போய்ச் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. 1920இல் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு அதையே சொன்னார், எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். இவள் எழுதியிருந்தாள்: 'வகுப்பில் நான் வாய் திறந்தால் மலைப் பேச்சு என்று சிரிக்கிறார்கள். சரியான விடை தெரிந்தும் கை தூக்குவதில்லை. அம்மாவும் எனக்கு ஒரு கோட்டு போட்டுத்தான் அனுப்பினாள்.'

நெஞ்சில் முள் தைத்தது போலிருந்தது. ஜூன் மாதம் பஸ் ஏற்றி விட்டபோது, "அங்கே போய் நம்ம பேச்சைப் பேசாதே, நாலு பேர் சிரிப்பாங்க" என்று சொன்னவள் நான்தான். பிறர் சிரிக்குமுன் நானே அவள் வாயைக் கட்டி விட்டேன்.

அந்த நேரம் பார்த்து அவள் வந்து நின்றாள். "என்னம்மா, கேக்காம எடுத்துப் படிக்கிறே?" கண்ணில் நீர். "தப்புதான்டி, மன்னிச்சுக்கோ. நான் சொல்லி அனுப்பினதும் தப்பு" என்றேன். வெகு நேரம் பேசவில்லை. ராத்திரி அடுப்படியில் குளிர் காய்ந்தபோது தானாகவே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

எங்கள் ஜவ்வாது மலையில்தான் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1988இல் அங்கேயிருந்து ஒரு குட்டிக் கிரகத்தைக் கண்டுபிடித்து, கணித மேதை ராமானுஜனின் பெயரை வைத்தார்கள். 4130 என்பது அதன் எண். அதைச் சொல்லி, "நிஜமான குட்டிக் கிரகத்தையே நம்ம மலையிலிருந்து பார்த்திருக்காங்க. இந்த மலைப் பேச்சுக்கு நீ எதுக்குடி வெட்கப்படணும்?" என்றேன். சிரித்து விட்டாள்.

சகோதரிகளே, கதைப் புத்தகம் படித்தால் படிப்பு கெடும் என்று பிடுங்கி வைக்காதீர்கள். நம்மிடம் சொல்லத் தயங்குவதைக் குழந்தை ஒரு கதையின் வரியைப் பிடித்துக்கொண்டு சொல்லி விடுகிறது. ஆனால் என்னைப் போல் திருட்டுத்தனமாக நோட்டைப் பிரிக்கவும் வேண்டாம். "இந்தக் கதையில் உனக்கு எந்த இடம் பிடிச்சுது, ஏன்?" என்று, வெங்காயம் உரித்துக்கொண்டே சாதாரணமாகக் கேளுங்கள். பதில் வரும்வரை பொறுங்கள். நடுவில் புத்திமதி மட்டும் சொல்லி விடாதீர்கள். சின்னக் குழந்தையென்றால் நீங்களே படித்துக் காட்டிக் கேட்கலாம்.

லீவு முடிந்து மறுபடி பஸ் ஏற்றி விட்டேன். "நம்ம பேச்சையே பேசுடி. சந்தேகம் வந்தா கையைத் தூக்கு" என்றேன். ஜன்னல் வழியாகத் தலையை ஆட்டினாள். போன வாரம் போனில், "அம்மா, இன்னைக்கு ரெண்டு தரம் கை தூக்கினேன். ஒருத்தி சிரிச்சா. விடை சரிதான்" என்றாள்.

இன்னொரு நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன். அதை நான் பிரிக்க மாட்டேன்.