மிளகும் மிளகாயும்

நெய்வேலிக்காரன் விலாசத்தை வைத்தே ஜாதகம் கணித்துவிடலாம். பிளாக் எண், தெருப் பெயர், என்ன டைப் குவார்ட்டர்ஸ் - இவை கிடைத்தால் போதும். அப்பா என்ன கிரேடு, சம்பளம் எவ்வளவு, வாசலில் எத்தனை மரம்... பெண் பார்க்க வருகிறவர்கள் படி ஏறுவதற்குள் கணக்கை முடித்துவிடுவார்கள்.

இதே டவுன்ஷிப்பிலிருந்து பட்டாளத்துக்குப் போன பையனின் விலாசம்? நம்பர், ரேங்க், பெயர், யூனிட், கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ. முடிந்தது! லடாக் பனியில் விறைத்தாலும் அதே விலாசம், ராஜஸ்தான் மணலில் வெந்தாலும் அதே விலாசம். (கிழக்குப் பக்கம் என்றால் 99.) நம்ம 607801-ல் முதல் 6 தென்கோடியைச் சொல்லும். ராணுவத் தபாலுக்கென்று 9-ஐ ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். 9 எந்த ஊர் சார்? அதைத்தான் சொல்ல மாட்டார்கள். தபால் இலாகாவிலிருந்து டெபுடேஷனில் போனவர்கள் யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு ஸ்டாம்ப் குத்துகிறார்கள். 1972-லிருந்து இது தனிப் படைப்பிரிவே.

உறை மேலேயே இத்தனை மூடுமந்திரம் என்றால் உள்ளே? எங்கே இருக்கிறோம், எத்தனை பேர், எப்போது கிளம்புகிறோம் - மூச்சு விடக்கூடாது. நியாயம்தான். ஒரு வரி கசிந்தால் ஒரு கான்வாயே போய்விடும். ஆனால் பாருங்கள், இருபத்திரண்டு வயசுப் பையனுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக எழுதத் தகுந்த மாதிரி ஒன்று நடக்கிறது. அதைத் தவிர மற்றதையெல்லாம் எழுது என்கிறார்கள்! ஆபீஸில் டீ ஆறிப்போனதற்கே நாம் ஊரெல்லாம் புலம்புகிறோம்.

இந்தத் தவிப்பு புதுசில்லை. 1914-ல் நம் சிப்பாய்களைக் கப்பலேற்றி பிரான்சுக்குக் கொண்டுபோனார்கள். பஞ்சாபிகள், கர்வாலிகள், கூர்க்காக்கள்... பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒருத்தர் சொல்லச் சொல்ல இன்னொருத்தர் எழுதுவார். அந்தக் கடிதங்களைப் பிரித்துப் படிக்கவே ஹவல் என்ற அதிகாரி தலைமையில் ஒரு சென்சார் ஆபீஸ். சிப்பாய்களுக்கும் தெரியும், நடுவில் ஒரு மூணாவது ஆள் படிக்கிறான் என்று.

அதற்காக எழுதாமல் இருந்தார்களா? சமையல் குறிப்பு மாதிரி எழுதினார்கள். கறுப்பு மிளகு என்றால் நம்ம ஆட்கள். சிவப்பு மிளகாய் என்றால் வெள்ளைக்காரப் பட்டாளம். எந்தச் சரக்கு எவ்வளவு தீர்ந்தது என்று எழுதினால் ஊரில் இருப்பவர்கள் புரிந்துகொள்ள வேண்டியதுதான். சென்சார்காரரும் லேசுப்பட்டவரா என்ன? மிளகு விவகாரத்தைக் கண்டுபிடித்து ரிப்போர்ட்டில் குறித்து வைத்துவிட்டார்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இனிமேல்தான். ஊருக்குப் போன கடிதங்களில் பெரும்பாலானவை கரையானுக்கும் அடுப்புக்கும் போயிருக்கும். சென்சார் ஆபீஸ் ஆங்கிலத்தில் பெயர்த்து ஃபைல் போட்ட பகுதிகள் லண்டனில் பிரிட்டிஷ் லைப்ரரியில் பத்திரமாக இருக்கின்றன. அந்தச் சிப்பாய்கள் குளிரில் என்ன நினைத்தார்கள் என்று இன்றைக்கு நமக்குத் தெரிகிறதென்றால், அது அடுத்தவன் கடிதத்தைப் படித்த ஆசாமியின் புண்ணியம்! இதற்கு அவரைத் திட்டுவதா, கும்பிடுவதா?

இப்போது சென்சாருக்குப் பேனாவே வேண்டாம். 2020 ஜூலையில் ராணுவம் தன் ஆட்களை 89 ஆப்களை அழிக்கச் சொன்னது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் எல்லாம் அதில் அடக்கம். ஒரு லெப்டினென்ட் கர்னல், வெளிநாட்டில் இருக்கும் குடும்பத்தோடு எப்படித் தொடர்பு வைத்துக்கொள்வது என்று டில்லி ஹைகோர்ட்டுக்கே போனார். ஆகஸ்டில் தள்ளுபடி. ராணுவம் சொன்னதில் தப்பில்லை என்றுதான் எனக்கும் படுகிறது. என்ன, நூறு வருஷம் கழித்து வருகிறவனுக்கு லண்டனில் ஃபைல் கிடைக்கும் என்கிற உத்தரவாதம்கூட இவர்களுக்கு இல்லை.

எங்கள் பிளாக்கில் ஒரு அம்மா. பையன் கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ.தான். பத்து நாளைக்கு ஒரு தரம் போன் வரும்.

"நல்லா இருக்கியாடா?"

"நல்லா இருக்கேம்மா."

"சாப்பாடு?"

"சூப்பர்மா."

"குளுருதா?"

"அதெல்லாம் இல்லம்மா."

"அப்புறம் ஏன்டா மூக்கால பேசற?"

அந்தப் பக்கம் பதிலே இல்லை. சிரிப்பு மட்டும்தான். அன்றைக்கு மத்தியானமே அந்தம்மா குடையைப் பிடித்துக்கொண்டு பஜாருக்குக் கிளம்பிவிட்டார். நெய்வேலியில் மே மாசம் ஸ்வெட்டர் கேட்டால் கடைக்காரர் உங்களை எப்படிப் பார்ப்பார், தெரியுமோ?