தண்ணியில கலப்படம் வேணாமே!

போன வாரம் நாலாவது சிலிக்கான் முனையும் அடைத்துக்கொண்டது. டோர்ட்மண்டில் வழக்கம்போல வெளியே தூறல். வானம் சும்மா தெளிக்கிற தண்ணியை ஒரு குட்டித் துளை வழியாகத் தெளிக்க நான் படும் பாடு இருக்கே! ஹெச்-பானில் தொங்கியபடி வரும்போது (நாங்க இல்லை, ரயில்தான் தொங்கும் :-)) நண்பன் சொன்னான்: "பேசாம பாதிக்குப் பாதி மெத்தனால் ஊத்துடா. ஊரே அதத்தான் செய்யுது." எனக்கு இதில் உடன்பாடில்லை. ஏன்னு சொல்றேன்.

கல்யாண வீட்டுப் பன்னீர்ச் செம்பு தெரியுமில்லையா? அதைக் கை குலுக்குகிறது. எங்கள் செம்பில் அந்த வேலையை மின்புலம் செய்கிறது. முனையில் நிற்கும் திரவத்துக்குச் சில ஆயிரம் வோல்ட் கொடுத்தால் அது கூம்பாக இழுபடும். அந்தக் கூம்பின் அரைக்கோணம் 49.3 டிகிரி என்று 1964ல் ஜி.ஐ. டெய்லர் கணக்குப் போட்டுக் காட்டினார். கூம்பின் நுனியிலிருந்து மின்னேற்றம் கொண்ட நுண்துளிகள் சீறும். துளி உலர உலர, உள்ளே இருந்த புரத மூலக்கூறு மின்னேற்றத்தோடு வெளியே வரும். அதை நிறைமானியில் எடை போடலாம். இதற்காகத்தான் ஜான் ஃபென்னுக்கு 2002ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

சிக்கல் எங்கேன்னா, தண்ணி பிடிவாதக்காரி. மெத்தனாலின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு சுமார் 22 மில்லிநியூட்டன், தண்ணிக்கு 72. கூம்பாக இழுக்க அதிக வோல்ட் வேணும். வோல்ட்டை ஏற்றினால் தண்ணி சீறுவதற்கு முன்னாடி காற்று உடைந்து, ஊதா ஒளியோடு 'உஸ்ஸ்' என்று கசிய ஆரம்பிக்கும். அத்தோடு அன்றைய சோதனை காலி.

இதற்குத்தான் சின்ன முனை. தேவைப்படும் வோல்ட், ஏறக்குறைய முனை ஆரத்தின் வர்க்கமூலத்தோடு குறையும். நூறில் ஒரு பங்கு ஆரம் என்றால் பத்தில் ஒரு பங்கு வோல்ட் மாதிரி. மின்புலம் கடுமையாக இருக்கும் இடமும் ரொம்பச் சின்னது என்பதால், காற்று உடைய இடம் போதாது. 1996ல் ஹைடல்பெர்க்கில் வில்மும் மான்னும் 1-2 மைக்ரோமீட்டர் கண்ணாடி முனையில், நிமிடத்துக்கு சுமார் 20 நானோலிட்டர் தெளித்துக் காட்டினார்கள். இப்போது கணினிச் சில்லு செய்கிற அதே முறையில் சிலிக்கானைச் செதுக்கியும் முனைகள் செய்கிறார்கள். அதிலும் ஒரு வம்பு: தண்ணி முனையின் முகமெல்லாம் பரவினால் கூம்பு பெருத்துவிடும். அதனால் முனை நீட்டிக்கொண்டு நிற்கணும், முகத்தில் தண்ணி ஒட்டாத பூச்சும் வேணும்.

இவ்வளவு கஷ்டம் எதுக்கு? ஹீமோகுளோபினை எடுத்துக்குங்க. நாலு சங்கிலி கைகோத்து நிற்பதால்தான் அது ஹீமோகுளோபின். மெத்தனாலும் அமிலமும் ஊற்றினால் சங்கிலிகள் பிரிந்துவிடும். உதிரிகளின் எடை மட்டும்தான் கிடைக்கும். தண்ணியில் தெளித்தால் நாலும் சேர்ந்து, சுமார் 64,500 டால்டன் எடையில் வந்து நிற்கும். குடும்பத்தைப் பார்க்கணும்னு போய், எல்லாரையும் தனித்தனி அறையில் அடைத்துவிட்டு ஆளெண்ணிக்கை எடுத்த கதையாக நம் ஆராய்ச்சி இருக்கக்கூடாது.

நண்பன் கட்சியிலும் நியாயம் இருக்கு. இது என்ன புரதம் என்று அடையாளம் காண மட்டும் என்றால் மெத்தனால் தாராளமாகப் போதும். நானும் சுத்தத் தண்ணி வைராக்கியக்காரன் இல்லை. ஆவியாகிப் போகும் அம்மோனியம் அசிடேட் உப்பு கலக்கிறேன். ஆனால் எது எதோடு ஒட்டியிருக்கு என்பதுதான் கேள்வி என்றால், கேள்வியையே கரைத்துவிடும் திரவத்தை ஊற்றக்கூடாது. நமக்கு எளிதான கேள்விக்குப் பதில் வாங்கிட்டு, கேட்க வந்த கேள்விக்கு வாங்கியதாக எழுதுவது எனக்குச் சரியாப் படலை.

முனை அடைப்பது உண்மைதான். போன வாரத்து அடைப்பு, கரைசலைச் சரியாக வடிகட்டாத என் சோம்பேறித்தனம். அதுக்குத் தண்ணியைக் குறை சொல்ல முடியுமா?

ஆய்வேடு கொடுக்க ரெண்டு மாசம். கையில் ரெண்டு முனை. திங்கட்கிழமை ரெண்டு தடவை வடிகட்டிட்டு, தண்ணியாகவேதான் தெளிக்கப் போறேன். திட்டுறவங்க பின்னூட்டத்தில் திட்டலாம் :-)