கைப்பேசியில் எண் தடுமாறுவதோ?

எழுத்தைக் காத்துவிட்டால் மொழியைக் காத்துவிட்டதாகவே நம்மவர் பலரும் நினைக்கின்றனர். எழுத்தோடு உடன்பிறந்த எண்ணைப் பற்றிக் கவலுவார் அரியர். இன்றோ, தமிழ்மக்களின் கொடுக்கல் வாங்கல் எல்லாம் உள்ளங்கையளவான கைப்பேசிக்குள் புகுந்துவிட்டன. அங்கே சொற்கள் தமிழில் இருந்தும், எண்கள் தமிழர்க்கு விளங்காக் கோலத்தில் நிற்கின்றன.

அண்மையில் எம் உறவினராகிய முதியவர் ஒருவர் தம் கைப்பேசியை எம்மிடம் நீட்டி, "இதில் எவ்வளவு இருக்கிறது என்று பார், தம்பி" என்றார். அது நிலம் விற்ற தொகை. திரையில் நின்றது 1250000. இடையே ஒரு காற்புள்ளிகூட இல்லை. விரலால் சுழிகளைத் தொட்டுத் தொட்டு எண்ணி, ஒன்றேகால் இலக்கமோ பன்னிரண்டரை இலக்கமோ என்று அவர் மயங்கினார். அவர் கணக்கறியாதவர் அல்லர். நாற்பதாண்டு நெல் விற்றுக் கணக்கெழுதியவர். குறை முழுவதும் அச்செயலியை எழுதிய நிரலருடையது.

பொறி தன் வயிற்றில் வைத்திருப்பது வெற்றெண். நாம் திரையில் காண்பது அதற்கு உடுத்திய உடை. எந்நாட்டில் எம்மொழியார்க்கு எவ்வுடை என்பதை ஒருங்குறிச் சேர்த்தியம் தன் வட்டாரத் தரவுத் தொகுப்பில் எழுதிவைத்துள்ளது. இந்தியத் தமிழர்க்கு முதலில் மூன்றிடமும் பின்னர் இரண்டிரண்டிடமும் பிரித்து 12,50,000 என்றும், சிங்கப்பூர், மலேசியத் தமிழர்க்கு மும்மூன்றிடமாக 1,250,000 என்றும் அது வகுத்திருக்கின்றது. அவ்வந் நாட்டு வழக்கிற்கு அவ்வப் பிரிப்பே சரி. நிரலர் செய்யவேண்டுவது, மொழிக்குறியையும் நாட்டுக்குறியையும் கருவியிடம் கொடுப்பது ஒன்றே. ஆண்டிராய்டில் 2016இல் வெளிவந்த 7.0 பதிப்பு முதலே அக்கருவி நிரலர்க்குத் திறந்துவிடப்பட்டுள்ளது. ஆப்பிள் கைப்பேசிகளிலும் அதற்கொத்த கருவி உண்டு. இவ்வளவு இருந்தும், காற்புள்ளியைத் தாமே ஒட்டவைக்கும் நிரலரும், அதையும் செய்யாது விட்டுவிடும் நிரலரும் நம்மிடையே இருக்கின்றனரே, அதுதான் நாணத்தக்கது.

காட்டும் வடிவத்தையே பதிந்துவைப்பது மற்றொரு பேதைமை. 12,50,000 என்னும் உடுத்திய எண்ணை மீண்டும் பொறியிடம் கொடுத்தால், சாவாக்கிரிப்டு போன்ற நிரல்மொழியின் கருவியொன்று முதற் காற்புள்ளியைக் கண்டதும் படிப்பதை நிறுத்தி, வெறும் 12 என்றே கொள்ளும். பன்னிரண்டரை இலக்கம் பன்னிரண்டு உருவாவாகச் சுருங்கும்! ஆகவே, பதிவில் வெற்றெண்; திரையில் மட்டுமே உடை. இவ்வொழுங்கை மறத்தலாகாது.

இன்னுமொன்று கேளுங்கள். பேரெண்களைச் சுருக்கிக் காட்டும்போது இந்திக்கு 'லாக்', 'கரோடு' என்னும் அம்மொழி வழக்குகளையே அத்தொகுப்பு கொண்டிருக்க, தமிழுக்கு அதன் பல பதிப்புகளில் ஆயிரத்தை அடுத்து 'மில்லியன்', 'பில்லியன்' என்பனவே இடம்பெற்றன. இலக்கம் என்றும் கோடி என்றும் எண்ணி வாழும் உழவனுக்கு மில்லியனால் என்ன பயன்? இதற்கு அயலாரை நோவதில் பொருளில்லை. அத்தரவை அவ்வம் மொழியறிந்தோரே முன்மொழிந்து, ஒப்பிட்டு, வாக்களித்து ஆக்குகின்றனர். அங்கே போதிய தமிழர் சென்று அமராததே கரணியம்.

தமிழெண்ணுருக்களுக்கு வருவோம். ஒருங்குறியில் ௧ முதல் ௯ வரை முன்னரே இருந்தும், தமிழ்ச் சுழியம் 2005இல் வந்த 4.1 பதிப்பிற்றான் சேர்ந்தது. முந்திரி, மாகாணி முதலிய கீழ்வாய்க் குறிகள் 2019இல் 12.0 பதிப்பில் இடம்பெற்றன. 2345 என்னும் எண்ணை இடமதிப்பு முறையில் ௨௩௪௫ என்றும், பழைய முறையில் ௨௲௩௱௪௰௫ என்றும் காட்டப் பொறிக்குத் தெரியும். நம்மவர்தாம் 'க' என்னும் எழுத்தையே ஒன்றென்னும் எண்ணுக்கு இட்டு எழுதிவிடுகின்றனர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பொறிக்கு ஒன்று எழுத்து, மற்றொன்று எண். எழுத்தை எண்ணிடத்தில் இட்டால் கூட்டலும் நடவாது, தேடலும் நடவாது.

தமிழெண்ணை எல்லார் மேலும் ஏற்றுக என்று யாம் கூறவில்லை. தொகையைக் காட்டுமிடத்து முதற்கடன் தெளிவு. தமிழெண்ணில் காண விழைவார்க்கு அதனைத் தெரிந்தெடுக்கும் உரிமையைச் செயலி தரவேண்டும். அவர் ௧௨ எனத் தட்டினால் அதைப் பிழையென்று தள்ளாது ஏற்கவும் வேண்டும். "1 மடல்கள் வந்துள்ளன" என்று ஒருமை பன்மை அறியாது உளறுவதும் ஒழியவேண்டும்.

தமிழ் நிரலர்களே! உங்கள் கையில் இருப்பது ஓரிரு வரி வேலை. அவ்விரு வரியை எழுதாமையால் ஒரு முதியவர் தம் வாழ்நாள் உழைப்பின் அளவைத் தாமே அறியமாட்டாது பிறர் கையை நாடி நிற்கின்றார். தன் கைப்பொருளைத் தானே எண்ணியறிய இயலாதவன் எளிதில் ஏமாற்றப்படுவான். எழுதும் செயலி ஒவ்வொன்றிலும் எண்ணைத் தமிழர்க்கு விளங்க நிறுத்துங்கள். வட்டாரத் தரவைச் செப்பமுறுத்தும் பணியில் சென்று அமருங்கள். எழுத்துக்கு நாம் தந்த காவல் எண்ணுக்கும் வாய்க்கட்டும்!