பட்டை தெரிந்தால் போதாது

ஊவாவின் தேயிலை மலைகளில் டொட்ரிக்ஸ் புழு பக்கத்து இலைகளை நூலால் இழுத்து ஒட்டி, உள்ளே இருந்தபடியே தின்கிறது. 1930களின் நடுவில் ஜாவாவிலிருந்து கொண்டுவந்த மக்ரோசென்ட்ரஸ் குளவி அதை அடக்கியது. பிற்பாடு, கிளை துளைக்கும் வண்டுக்கென அடித்த டீல்ட்ரின் குளவியைக் கொன்றதில் புழு மறுபடி பெருகியது. 1978இல் கொச்சான்ஸ்கி, ரோலொவ்ஸ், சிவபாலன் மூவரும் இந்தப் பூச்சியின் பெண் ஆணை ஈர்க்கச் சுரக்கும் பெரமோனை அடையாளம் கண்டார்கள். அதன் சுரப்பை எது தொடக்கிவைக்கிறது என்பது அடுத்த கேள்வி. சோளக்கதிர்ப் புழுவின் அந்தில் விடை உண்டு: பீபான் என்னும் நரம்புப் பெப்தைட்டு 1989இலும், பெரமோன் சுரப்பியிலுள்ள அதன் வாங்கி 2003இலும் அறியப்பட்டன. பசறையிலோ பதுளையிலோ டொட்ரிக்ஸில் அதே வாங்கியைத் தேடுபவரின் கை முதலில் போவது பிறபொருளெதிரி விலைப்பட்டியலுக்குத்தான். வாங்கி இல்லாத இடத்தில் பிறபொருளெதிரி எதையும் காட்டாது என்று நிறுவாதவரை, ஜெல்லில் அது காட்டும் பட்டையைச் சான்றாக ஏற்க முடியாது என்பது எங்கள் நிலைப்பாடு.

2009இல் லூவும் பார்ட்ஃபாயும் கலனின் என்னும் நரம்புப் பெப்தைட்டின் வாங்கிகளுக்கான பிறபொருளெதிரிகளைச் சோதித்தார்கள். அந்த வாங்கிக்குரிய பரம்பரையலகு நீக்கப்பட்ட சுண்டெலியிலும், சாதாரணச் சுண்டெலியில் கண்ட அதே சாயம் ஏறியது. இதில் வியப்பில்லை. மென்சவ்வை ஏழு முறை ஊடுருவும் இப்புரதங்கள் கலத்தில் மிகக் கொஞ்சமே இருக்கும். மாதிரியைக் கொதிக்கவைத்தால் அவை திரண்டு ஜெல்லின் மேல்விளிம்பிலேயே தங்கிவிடுவதுண்டு. எதிர்பார்த்த எடையில் அழகாக விழுந்த பட்டை வேறொரு புரதத்தினுடையதாக இருக்கலாம். டொட்ரிக்ஸில் ஆபத்து இன்னும் கூடுதல். அதன் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் அமெரிக்க இலைசுருட்டியில் பீபான் முதலில் கலவிப்பையில் வேலைசெய்கிறது, அங்கிருந்துதான் சுரப்பிக்குச் செய்தி போகிறது என்று ரோலொவ்ஸின் ஆய்வுக்கூடமே சுட்டியிருக்கிறது. சுரப்பியில் விழும் ஒரு பொய்ப் பட்டை இந்த வினாவையே மூடிவிடும்.

பிறபொருளெதிரியை உருவாக்கப் பயன்பட்ட பெப்தைட்டை அதனோடு முன்கூட்டிக் கலந்தபோது பட்டை மறைந்ததே என்பார்கள். மறையத்தான் செய்யும், பிடிப்பிடம் நிரம்பிவிட்டால் சரியான பட்டையும் தவறான பட்டையும் சேர்ந்தே போகும். பரம்பரையலகு நீக்கிய டொட்ரிக்ஸுக்கு எங்கே போவது என்பது நியாயமான கேள்வி. அந்துப்பூச்சிகளில் ஆர்என்ஏ குறுக்கீடும் நம்பும்படி வேலைசெய்வதில்லை. ஆனால் வாங்கியின் பரம்பரையலகை எஸ்எஃப்9 பூச்சிக் கலங்களில் ஏற்றி, ஏற்றாத கலங்களையும் அதே ஜெல்லில் ஓட்டுவது சிறிய ஆய்வுக்கூடத்துக்கும் எட்டும். அதற்கும் வசதியில்லையா? தலை நீக்கிய பெண் பூச்சிக்குப் பீபானை ஊசியில் செலுத்தி, பெரமோன் கூடுகிறதா என வாயு நிறப்பகுப்பியில் அளக்கலாம். வாங்கி எங்கே இருக்கிறது என்பதை அது சொல்லாது. பீபானுக்கு இந்தப் பூச்சி மசிகிறதா என்பதைச் சொல்லும். தோட்டப் பூச்சியியலுக்கு, எங்கள் கணிப்பில், அதுவே பெரிது.

அடுத்த இதழ் முதல், பிறபொருளெதிரியை நம்பி எழுதும் கட்டுரைகள் அதன் பட்டியல் எண், தொகுதி எண், வெட்டாத முழு ஜெல் படம், வாங்கி இல்லாத மாதிரியின் படம் ஆகியவற்றோடு வரவேண்டும். இவை இல்லாத கட்டுரை மதிப்பீட்டுக்குப் போகாது.