ஒரே கூரையின் கீழ் எல்லாம்

வீடு கட்டுவதற்கும் பழுது பார்ப்பதற்கும் வேண்டிய சகல சாமான்களும் இப்போது ஒரே கூரையின் கீழ் கிடைத்துவிடுகின்றன என்றும், ஆகையால் சந்து முனையிலுள்ள ஹார்டுவேர் கடையும் அதன் தூசி படிந்த அலமாரிகளும் இனி அநாவசியம் என்றும், கோயமுத்தூரில் படித்தவர் படிக்காதவர் என்ற பேதமின்றி எல்லோரும் நம்புகிறார்கள். அவிநாசி சாலையில் எழும்பியிருக்கும் குளிரூட்டிய கண்ணாடி மாளிகைகளுக்குள் ஒரு தரம் போய், தரையில் பதிக்கும் டைல்ஸ் ஒன்றே நாற்பது ஐம்பது நிறங்களில் அணிவகுத்து நிற்பதைக் கண்டுவந்தவருக்கு இந்த நம்பிக்கை உண்டாவது இயற்கைதான். ஆனாலும் அது பிரமை. அதுவும், தொழிலாளியின் தினக் கூலியில் கைவைக்கிற பிரமை.

பொள்ளாச்சிப் பக்கத்துப் பழைய வீடு ஒன்றில் சுவர்ப் பூச்சு உதிர்ந்துவிட்டது. வீட்டுக்காரர் தம் காரிலேயே கொத்தனாரை ஏற்றிக்கொண்டு இத்தகைய கடை ஒன்றுக்குப் போனார். கூடப் போயிருந்த நான் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க தம்பி, கல் சுண்ணாம்பு இருக்குதுங்களா?"

"வெள்ளையடிக்கறதுக்குங்களா?"

"இல்லீங்க, பூசறதுக்கு."

பையன் கணினியைத் தட்டினான், உதட்டைப் பிதுக்கினான். "புட்டி இருக்குதுங்க. இப்ப எல்லாரும் அதத்தான் எடுக்கறாங்க."

"அது அந்தச் செவுத்துக்கு ஆகாதுங்க" என்று கொத்தனார் சொன்னதை அவன் மறுக்கவில்லை. மறுத்தவர் வீட்டுக்காரர். "இவ்வளவு பெரிய கடையிலயே இல்லாத சாமானையா மேஸ்திரி கேக்கறீங்க?" என்றார் அவர்.

இந்த ஒரு வாக்கியத்தில்தான் நான் கண்டிக்க முற்படும் நம்பிக்கை முழு உருவத்தோடு வெளிப்படுகிறது. கடையில் இல்லாதது உலகத்திலேயே இல்லாதது. அதைக் கேட்கிறவன் வேலையை இழுத்தடிக்கச் சாக்குச் சொல்கிறவன். அன்றைக்குக் கொத்தனாருக்கும் அவருடைய சித்தாளுக்கும் அரை நாள் போயிற்று. அதற்குக் கூலி கொடுக்க வேண்டியிருக்கிறதே என்ற வருத்தம் வேறு வீட்டுக்காரருக்கு.

கொத்தனார் சொன்னதில் சாஸ்திரம் இருக்கிறது. சுண்ணாம்புக் காரை காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல ஏற்றுத் திரும்பவும் கல்லாக மாறுகிற வஸ்து. அது இறுகிய பின்பும் நுண்துளைகளை மூடிக்கொள்வதில்லையாதலால், சுவருக்குள் ஏறிய ஈரம் அதன் வழியாகவே வெளியேறிவிடும். பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக் காற்று ஈரத்தோடு வந்து மோதுகிற பொள்ளாச்சியில், அத்தகைய சுவரின் மேல் சிமெண்டுக் கலவையைப் பூசி அதன்மேல் புட்டியும் பிளாஸ்டிக் பெயின்டும் அடித்து அடைத்துவிட்டால், வெளியேற வழியில்லாத ஈரம் உப்பையும் கரைத்து இழுத்துக்கொண்டு வந்து பூச்சுக்குப் பின்னாலேயே தேங்கி, சில மழைக் காலங்களுக்குள் அதைப் பொருக்குப் பொருக்காகத் தள்ளிவிடுகிறது. இதெல்லாம் பாட்டி கதை என்று தள்ளுகிறவர்கள், கட்டடச் சுண்ணாம்பைப் பற்றிய ஐ.எஸ். 712 என்ற இந்தியத் தர விதியைப் புரட்டிப் பார்க்கட்டும். எதைக் கட்டுமானத்துக்கு வைத்துக்கொள்வது, எதை மேல்பூச்சுக்கு எடுப்பது என்று சுண்ணாம்பை அது பல வகுப்புகளாகப் பிரித்திருக்கிறது. அவற்றில் ஒரு வகுப்புக்கூட அந்தக் கடையில் இல்லை. ஏ.சி.சி. சிமெண்டு ஆலையைப் பல்லாண்டுக் காலம் ஊட்டி வளர்த்த மதுக்கரைச் சுண்ணாம்புக் கல் நகரத்துக்குத் தென்மேற்கே கூப்பிடு தூரத்தில் கிடக்கிறது என்பதுதான் இதிலுள்ள விநோதம்.

கடைக்காரர் மீது எனக்குக் கோபமில்லை. சதுர அடிக்கு இவ்வளவு என்று வாடகையும், விளக்குக்கும் குளிருக்கும் மின் கட்டணமும் கொடுக்கிறவர், மாதத்தில் பல தடவை கைமாறுகிற சரக்கைத்தான் வைத்திருக்க முடியும். வருஷத்துக்கு இரண்டு பேர் கேட்கிற சாமானைக் கணினியே பட்டியலிலிருந்து நீக்கிவிடும். டவுன்ஹாலைச் சுற்றியுள்ள வீதிகளில் தகப்பனார் காலத்துக் கடையில் உட்கார்ந்திருப்பவரோ, விற்காத சரக்கை வீசி எறிய மனமில்லாமல் பரண் மேல் போட்டு வைத்திருக்கிறார். பழைய ஜி.ஐ. பைப்புக்குப் பொருந்தும் யூனியன், தேக்குக் கதவின் பித்தளைக் கீல், இப்போது யாரும் செய்யாத அளவில் ஒரு கொண்டி இவையெல்லாம் எந்தச் சாக்கில் கிடக்கின்றன என்பது அவர் ஒருவருக்கே தெரியும். அவரிடம் இல்லாவிட்டாலும், உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் யாரிடம் கேட்கலாம் என்றாவது சொல்லி அனுப்புவார். அந்தச் சேவைக்கு அவர் ரசீது போடுவதில்லை.

ஓட்டு வீடுகளின் கதை இதைவிட மோசம். 1865-இல் மங்களூரில் பாசல் மிஷன் தொடங்கிய தொழிற்சாலையைப் பின்பற்றி மேற்குக் கரையெங்கும் பெருகிய கம்பெனிகளின் ஓடுகள்தாம் தாராபுரத்திலும் கோபியிலும் இன்னும் கூரைகளில் இருக்கின்றன. ஒரு கம்பெனி ஓட்டின் வாய் இன்னொரு கம்பெனி ஓட்டில் சரியாகக் கவ்வாது. கவ்வாத இடத்தில் மழை இறங்கும். ஆகவே ஓடு வேய்கிறவர் உடைந்த துண்டைத் திருப்பி, முதுகில் பதித்த பெயரைப் படித்துக்கொண்டு, இடித்த வீட்டுச் சாமான் விற்கிற இடங்களில் அதே பெயரைத் தேடுகிறார். அவரிடம்தான் வீட்டுக்காரம்மாள், "ஷோரூமில் புது ஓடு அழகழகாக இருக்கிறதே, அதைப் போடக்கூடாதா?" என்று கேட்கிறார். போடலாம்; கூரை முழுவதையும் பிரிக்கச் சம்மதமென்றால்.

பெரிய கடைகளில் அனுகூலமே இல்லையென்று சொல்லமாட்டேன். விலை எழுதியிருக்கிறது, ரசீது கிடைக்கிறது, போலிச் சரக்குப் பயம் குறைவு. ஹார்டுவேர் கடைக்காரர்கள் எல்லோரும் அரிச்சந்திரர்களும் அல்லர். புதிதாக வீடு கட்டிக் குளியலறைக்குப் பொருத்தமான நிறம் தேடுகிறவருக்கு அந்தக் கடை உண்மையிலேயே சௌகரியம்தான். அது அவருக்காகவே ஏற்பட்டது, கொத்தனாருக்காக ஏற்பட்டதல்ல. அமெரிக்காவின் ஹோம் டெப்போ கம்பெனி இந்தப் பேதத்தைச் சீனாவில் பெருத்த செலவில் கற்றுக்கொண்டது. 2006-இல் அங்கே நுழைந்து, 2012-இல் மிச்சமிருந்த ஏழு பெரிய கடைகளையும் மூடிவிட்டது. சொந்தக் கையால் வீட்டைச் செப்பனிடுகிற அமெரிக்கருக்கு ஏற்ற கடை, ஆள் வைத்து வேலை வாங்குகிற தேசத்தில் எடுபடவில்லை. நம் ஊரும் ஆள் வைத்து வேலை வாங்குகிற ஊர்தான். ஆனால் இங்கே வீட்டுக்காரர்கள் கடையின் அபிப்பிராயத்தைக் கேட்டு ஆளைத் திருத்தப் பார்க்கிறார்கள்.

இவ்விதமாக, வீட்டுக்கு வேண்டியதைக் கடையில் தேடிய காலம் போய், கடையில் இருப்பதற்குத் தக்கபடி வீட்டை வெட்டிக் கொத்துகிற காலம் வந்திருக்கிறது. காவித் தரையில் ஒரு மூலை வெடித்தால் தரை முழுவதையும் பெயர்த்து டைல்ஸ் ஒட்டுகிறோம். கீல் ஒன்று தேய்ந்தால் நிலையோடு கதவைப் பிடுங்கி விற்கிறோம். வாங்குகிறவர் நவீனம் என்கிறார். விற்கிறவர் வேறொன்றும் சொல்ல வேண்டியதில்லை.

பெரிய கடைகளின் முதலாளிகளுக்கு ஒரு யோசனை. வாசலில் இத்தனை ஆயிரம் சாமான்கள் உண்டு என்று விளம்பரம் செய்கிற பலகைக்குப் பக்கத்தில் இன்னொரு பலகையும் மாட்டலாம். பூச்சுச் சுண்ணாம்பு, பழைய அளவுக் கீல், மங்களூர் முகட்டு ஓடு இங்கே கிடையா. இன்ன வீதியில் இன்ன கடையில் விசாரிக்கவும் என்று அதில் எழுதிவிட்டால், வீட்டுக்காரர் அதைத் தம் கண்ணாலேயே படித்துக்கொள்வார். கொத்தனாருக்கும் அரை நாள் மிஞ்சும்.